ஐந்து வீட்டுச் சாப்பாடும் திண்டுக்கல் கோட்டையும்

பெருமாள்மலை
2 செப்டம்பர் 2024

அன்பு மகள் மஹ்ஜபினுக்கு மாமா சம்சுல் ஆலம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் ஜாஹிதா மாமியும் ஜீப்பும் நலம்.

உன் மாப்பிள்ளை ஷபீர் போன் போட்டு எல்லாம் சொன்னாரு. ஏழு மாசத்துல பிரஷர் ஏறிக் கெடக்கு, பிள்ளை பிறக்கிற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, போனையும் தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா பிடுங்கி வச்சிட்டாங்களாம். நல்ல டாக்டரம்மா. உங்க அம்மா, என் கூடப்பிறந்தவ, உசிரோட இருந்தப்பவே அந்தப் போனைப் பிடுங்கியிருக்கணும். ஆக, இனிமே நமக்குள்ள காகிதம்தான். மதுரை மார்க்கெட்டுக்குக் கேரட் ஏத்திப் போற சிவமுருகன் கையில கொடுத்து விடுறேன். லாரியை உங்க தெருமுனையில நிறுத்திக் கொடுப்பான். நீ பதில் எழுதி வச்சிருந்தா திரும்பும்போது வாங்கிக்குவான். தபாலை விட வெரசா வரும்.

உன் டூர் சோலியை நான் ஏத்துக்கிட்டேன். நீ பேங்கு வேலையை விட்டுட்டு, கோட்டையும் பழைய ஊரும் பாக்க வர்ற கெஸ்ட்டை ஓட்டல்ல தங்க வைக்காம ஊர்க்காரங்க வீட்டுலயே தங்க வைக்கப் போறேன்னு சொன்னப்ப, இது ஓடும்னு முதல்ல சொன்னது நான்தான். நான் அப்படிச் சொல்லலைன்னு நீ சொல்லுவ. மனசுக்குள்ள சொன்னேன்.

சென்னையில டிராவல் கம்பெனி வச்சிருக்கிற கண்மணியம்மாவும் அவங்க அப்பாவும்தான் முதல் கெஸ்ட்டுன்னு ஷபீர் சொன்னாரு. அந்தம்மாவுக்குப் பிடிச்சா மாசாமாசம் ஆள் அனுப்புவாங்க, பிடிக்கலைன்னா நீ இதை மூடிட்டு மறுபடி பேங்குக்கே போகணும்னு உன் மாமியார் கண்டிஷன் போட்டிருக்காங்களாம். இதெல்லாம் ஒரு பெரிய காரியமா தாயி. நான் ஜீப் ஓட்ட ஆரம்பிச்சப்ப இந்த மலையே இவ்வளவு உசரம் கெடையாது. திண்டுக்கல் கோட்டையில எனக்குத் தெரியாத கல்லு இல்ல. ஆயக்குடி ஜமீன் அரண்மனையில என் கால் படாத படி இல்ல. நீ நிம்மதியாப் படுத்துக்க. நாலு நாளு. ராஜா மாதிரி கூட்டிட்டுப் போய்ட்டு ராஜா மாதிரி வண்டி ஏத்தி விடுறேன்.

மாமி கேரட் அல்வா கிண்டிக் கொடுத்திருக்கா. சிவமுருகன் வழியில பிரிச்சிருந்தா அவனைக் கேளு.

உன் மாமா
சம்சுல் ஆலம்


மதுரை
4 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்வா முழுசா வந்து சேர்ந்தது. மாமிக்கு என் ஸலாம்.

மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. பேசி வச்சிருந்த டிரைவர் கடைசி நேரத்துல கைவிட்டப்ப உங்களைத் தவிர வேற யாரும் என் ஞாபகத்துக்கு வரலை. ஆயக்குடியில சண்முகவள்ளி அக்கா வீடும் பூண்டியில வேல்ராஜ் அண்ணன் வீடும் உங்க முகத்துக்காகக் கதவைத் திறந்த வீடுகள்னு எனக்குத் தெரியும். அதை நான் மறக்கலை.

அதனால இப்ப எழுதப்போறதைக் கோவிச்சுக்காம படிங்க. கண்மணி அக்காவோட அப்பா குமரகுரு ஐயா முப்பது வருஷம் காலேஜ்ல வரலாறு நடத்தினவர். அவர்கிட்ட வரலாறு சொல்ல வேண்டாம். ஏதாவது கேட்டாருன்னா, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிருங்க. என் கல்யாணத்துல ஷபீர் வீட்டு ஆளுங்ககிட்ட கொடைக்கானல் ஏரியை நம்ம பாட்டனார்தான் வெட்டினாருன்னு சொன்னீங்க. என் மாமியார் அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க.

ஐயாவுக்குச் சர்க்கரை இருக்கு. கொஞ்சமாத்தான் சாப்பிடுவார். வேளைக்கு ஒரு வீடுன்னு நான் பேசி வச்சிருக்கேன். அதுக்கு மேல எங்கேயும் நிறுத்த வேண்டாம்.

இது போச்சுன்னா இன்னொரு தடவை ஆரம்பிக்க என்னை யாரும் விட மாட்டாங்க. இங்கே கூரையைப் பாத்துக்கிட்டே கெடக்கிறப்ப அது ஒண்ணுதான் மனசுல ஓடுது. எனக்காக இந்த நாலு நாள் உள்ளதை உள்ளபடி மட்டும் பேசுங்க மாமா. தினமும் நடந்ததை எழுதி அனுப்புங்க.

உங்கள் மஹ்ஜபின்


ஆயக்குடி
13 செப்டம்பர் 2024

மகளே,

வெள்ளனே எந்திரிச்சு சண்முகவள்ளி வீட்டு மாடியில உக்காந்து எழுதுறேன். சிவமுருகன் இன்னைக்கு பழனியில லோடு இறக்குறானாம், அங்க வச்சு கொடுத்திருவேன். முதல் நாள் முடிஞ்சது. ஜெயம்னா ஜெயம், அப்படி ஒரு ஜெயம்.

ஐயா தங்கமான மனுஷன். ஒல்லியா, உசரமா, கழுத்துல மப்ளரு. கண்மணியம்மா கொஞ்சம் கறார். ஏறினதுமே சீட்டு பெல்ட்டு எங்கேன்னு கேட்டாங்க. அது வாங்கினப்பவே இல்லைன்னேன்.

திண்டுக்கல் கோட்டை மேல ஏறினோம். நீ சொன்ன மாதிரி நான் வரலாறு ஒண்ணும் பேசல. மேலே ஒரு சுரங்கம் மாதிரி இருக்குல்ல, அதைப் பாத்து ஐயாதான் நின்னாரு. நின்னவரைச் சும்மா விடக்கூடாதே. "ஐயா, இது எங்க போகுது தெரியுமா?"ன்னேன். "எங்க போகுது?"ன்னாரு. "நேரா பெருமாள்மலை. பஸ் நிக்கிற இடத்துல இருக்கிற எங்க கடைக்குப் பின்பக்கம்தான் மறுவாசல். திப்பு சுல்தான் குதிரையெல்லாம் இதுலதான் ஏறிப் போச்சு"ன்னேன். ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "அப்ப நாளைக்கு நாம ஏன் ஜீப்புல மலையேறணும்? இதுலயே நடந்துரலாமே"ன்னாரு. எவ்வளவு ஆர்வம் பாரு அந்த மனுஷனுக்கு.

இனி சாப்பாட்டு விஷயம். நீ வேளைக்கு ஒரு வீடுன்னு எழுதியிருந்த. ஆனா திண்டுக்கல்ல நம்ம மச்சான் வீட்டுத் தெரு வழியா ஜீப்பு போகுது, அவர் வாசல்ல நிக்கிறாரு, நிறுத்தாமப் போனா நாளைக்கு அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நிறுத்தினேன். "சாப்பிட்டாச்சா?"ன்னாரு. சாப்பிட்டாச்சுன்னு சொன்னா அந்த வீட்டு அடுப்புக்கு என்ன மரியாதை சொல்லு. நம்ம பக்கத்துல யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? "இல்ல மச்சான், காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல"ன்னேன். உடனே பிரியாணி. அப்புறம் ஒட்டன்சத்திரத்துல கமிஷன் மண்டிக்காரர் வீடு, அங்கேயும் பச்சத்தண்ணி பல்லுல படல. விருப்பாட்சியில ஒரு வீட்டுல வாழைப்பழம், இன்னொரு வீட்டுல பணியாரம். இங்க வந்ததும் சண்முகவள்ளி கொழுக்கட்டையும் கொய்யாப்பழமும் வச்சிருந்தா. ராத்திரிக்கு முறையான சாப்பாடு. ஆக அஞ்சு வீடு. ஒரு வீட்டையும் வருத்தப்பட விடல. ஐயா ஒவ்வொரு வீட்டுலயும் இலையை மடிச்சுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அவ்வளவு பெரிய படிப்பு படிச்ச மனுஷன்.

சண்முகவள்ளி கண்ணைச் சுருக்கி, "அண்ணே, இவர் யாரு?"ன்னு கேட்டா. வாத்தியாருன்னு சொன்னா ஒரு கொழுக்கட்டை குறையும். அதனால ரிட்டையர்டு கலெக்டருன்னு சொல்லி வச்சேன். பூண்டிக்கும் அப்படியே சொல்லி அனுப்பியாச்சு. அங்க இன்னும் பெரிய வரவேற்பு இருக்கும்.

உடம்பைப் பாத்துக்க. இங்கே எல்லாம் என் கைக்குள்ள.

மாமா


மதுரை
14 செப்டம்பர் 2024

மாமா,

உங்க கடிதம் இப்பத்தான் வந்தது. உடனே எழுதிக் கொடுக்கிறேன். சிவமுருகன் அண்ணன் வாசல்ல நிக்கிறார். நீங்க பூண்டிக்கு ஏறுறதுக்குள்ள இது கிடைக்குமான்னு தெரியலை.

இனி எந்த வீட்டுலயும் நிறுத்தாதீங்க. யாராவது கேட்டா சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க. அடுப்புக்கு மரியாதைக் குறைவுன்னா அந்தப் பாவம் எனக்கு வரட்டும். அவர் ஒவ்வொரு வீட்டுலயும் கும்பிட்டது சந்தோஷத்துல இல்ல மாமா. போதும்னு கும்பிட்டிருக்கார். ஐயாவுக்கு வெறும் கஞ்சி கொடுங்க.

கலெக்டர் இல்லைன்னு வேல்ராஜ் அண்ணன்கிட்ட முதல்ல சொல்லிருங்க. அந்தச் சுரங்கத்தைப் பத்திக் கண்மணி அக்கா என்ன நினைச்சாங்களோ, அதை நினைச்சாலே எனக்குத் தலை சுத்துது. நர்ஸ் வந்து பிரஷர் பாத்துட்டு, என்ன படிச்சீங்கன்னு கேட்டாங்க. மாமா கடிதம்னேன். அதையும் பிடுங்கி வைக்கணும்னாங்க.

மஹ்ஜபின்


பெருமாள்மலை
18 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேத்துத்தான் கிடைச்சது. சிவமுருகன் மேல தப்பில்ல, நாங்க மேலே பூண்டியில இருந்தோம். படிச்சேன். சரி தாயி.

நடந்ததை எழுதுறேன். பழனியில ஐயாவும் கண்மணியம்மாவும் விஞ்சுல ஏறிப் போய் முருகனைப் பாத்துட்டு வந்தாங்க. நான் அடிவாரத்துல பஞ்சாமிர்தக் கடை இராமலிங்கத்தோட பேசிக்கிட்டு இருந்தேன். அங்கேர்ந்து மலைப்பாதை. வளைவுக்கு வளைவு நான் ஓட்டின ஓட்டைப் பாத்து ஐயா கண்ணை மூடித் தியானம் பண்ணிக்கிட்டே வந்தாரு.

மறுநாள் பேத்துப்பாறை பக்கம். மலையில கோட்டை இல்லையேன்னு கண்மணியம்மா கேட்டாங்க. விடுவேனா. காட்டு ஓரத்துல நாலு கல்லை நிறுத்தி மேல ஒரு கல்லு மூடின பழைய கல்வீடு இருக்குல்ல, அதைக் காட்டி, "இதுதாங்க உலகத்துலயே சின்னக் கோட்டை. ராஜா ஒருத்தர்தான், படை கெடையாது"ன்னேன். கண்மணியம்மா சிரிக்கல. ஆனா ஐயா பெல்ட்டைத் தளர்த்திக்கிட்டு அந்தக் கல்லு முன்னால முழங்கால் போட்டு உக்காந்துட்டாரு. இது எந்தக் கோட்டையை விடவும் பழசு, செத்தவங்களுக்கு வச்ச வீடுன்னு மெதுவாச் சொன்னாரு. ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்ல. இந்த டூர்ல இதுக்காகவே வந்தேன்னு வச்சுக்கங்கன்னு என்கிட்ட சொன்னாரு. இதை நான் சேத்து எழுதல. நெசமாச் சொன்னாரு.

பூண்டியில வேல்ராஜ் வீட்டு முன்னால ஊரே நின்னுச்சு. ரோஜா மாலை. சாயங்காலம் இன்னொரு பஸ் விடணும்னு ஒரு மனு. ஐயா கையில கொடுத்துட்டு, "கலெக்டர் ஐயா பாத்து செய்யணும்"னு வேல்ராஜ் சொல்றான். ஐயா என்னைப் பாத்தாரு. நான் மலையைப் பாத்தேன். அவர் மனுவை வாங்கி முழுசாப் படிச்சாரு. "நான் கலெக்டர் இல்லைங்க, வாத்தியார். ஆனா இந்த மனுவுல கேக்க வேண்டியதைக் கேக்காம மத்ததையெல்லாம் எழுதியிருக்கீங்க. பேப்பர் கொடுங்க, நான் எழுதித் தர்றேன்"ன்னாரு. ஊருல யாரும் கோவிச்சுக்கல. கண்மணியம்மாதான் என்னோட பேசுறதை நிறுத்திட்டாங்க. வேல்ராஜ் மட்டும் ஜீப்புகிட்ட வந்து, "ஏண்ணே, உங்க வாயை ஒரு நாளைக்கு வாடகைக்குக் கொடுங்களேன், தேர்தலுக்கு நிக்கலாம்னு இருக்கேன்"ன்னான்.

மறுநாள் மழை. ஐயாவுக்கு உடம்பு கொஞ்சம் அசதி. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில காட்டிட்டு, ஓய்வெடுத்துட்டு, வத்தலக்குண்டு வழியா ஊருக்குப் போய்ட்டாங்க. எல்லாரும் சுகம்.

மாமி உனக்காக அல்லாஹ்கிட்ட துஆ செய்யிறா.

மாமா


மதுரை
28 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமா,

நாலு பக்கத்துக்குக் குறைச்சு எழுதாத ஆளு நீங்க. மழை பெஞ்ச அந்த ஒரு நாளை மட்டும் மூணு வரியில முடிச்சிருந்தீங்க. சிவமுருகன் அண்ணனை ஜன்னல்கிட்ட வரச் சொல்லிக் கேட்டேன். மழுப்பினார். பிரஷர் ஏறினா நீங்கதான் பொறுப்புன்னு சொன்னதும் எல்லாத்தையும் சொல்லிட்டார். அதுக்கப்புறம் கண்மணி அக்கா அனுப்பியிருந்த மெயிலை ஷபீர் படிச்சுக் காட்டினார். ரெண்டும் ஒண்ணுதான்.

காலையிலேர்ந்து ஐயாவுக்கு வாந்தி. மத்தியானம் கூப்பிட்டா கண் திறக்கலை. பூண்டியில டவர் இல்லை. ரோட்டுல மரம் விழுந்து மண்ணும் சரிஞ்சு கெடந்திருக்கு, ஜீப் போகலை. வேல்ராஜ் அண்ணன் ஆளுங்க முன்னால போய்க் கிளையை வெட்டி வெட்டி வழி பண்ணியிருக்காங்க. நீங்க ஐயாவைப் போர்வையோட முதுகுல கட்டிக்கிட்டு அந்தச் சேத்துல இறங்கியிருக்கீங்க. வேற யாராவது தூக்கட்டும்னு எல்லாரும் சொல்லியும் இறக்கி வைக்க மாட்டேன்னுட்டீங்களாம். மாத்தி மாத்திக் கொடுத்தா ஐயாவுக்கு வலிக்கும்னு சொன்னீங்களாம். மறுபக்கம் நின்ன பால் வண்டியில ஏத்தின அப்புறம்தான் நீங்க ரோட்டுலயே உக்காந்திருக்கீங்க. உங்க வலது முழங்கால் இன்னும் மடங்கலைன்னு சிவமுருகன் அண்ணன் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா என்ன ஆயிருக்கும்னே தெரியாதுன்னு டாக்டர் சொன்னதாக கண்மணி அக்கா எழுதியிருக்காங்க.

மாமா, சாப்பாட்டுக்காக உங்க மேல எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா அன்னைக்கு நீங்க செஞ்சதுக்கு நான் என்ன எழுதினாலும் பத்தாது. ஏரி வெட்டின கதையை ஊர் பூராச் சொன்ன மனுஷன், இதை ஏன் மாமா என்கிட்ட மறைச்சீங்க?

இன்னொரு விஷயமும் இருக்கு. கண்மணி அக்கா டூருக்குச் சரின்னு சொல்லிட்டாங்க. வீடுகளும் ஆட்களும் ரொம்பப் பிடிச்சிருக்காம். டிசம்பர்லேர்ந்து கெஸ்ட் அனுப்புறாங்களாம். ஒரே ஒரு நிபந்தனை. வேற டிரைவர் வேணும்னு எழுதியிருக்காங்க. "உங்க மாமா என் அப்பா உயிரைக் காப்பாத்தினார், அதுக்கு நான் சாகுற வரைக்கும் கடன்பட்டிருக்கேன். ஆனா அவரை நம்பி வெளிநாட்டு கெஸ்ட்டை அனுப்ப முடியாது"ன்னு அவங்க வார்த்தை. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அது எனக்கும் தெரியும்.

ஆனாலும் நான் முடியாதுன்னு எழுதப் போறேன். பேங்குக்கே போயிடுறேன். முழங்கால் போன மனுஷனை ஓரமா உக்கார வச்சிட்டு எனக்கு எந்த டூரும் வேண்டாம்.

உங்கள் மஹ்ஜபின்


பெருமாள்மலை
1 அக்டோபர் 2024

மகளே மஹ்ஜபின்,

கிறுக்கு மாதிரி எதையும் எழுதி அனுப்பிராத.

முதல்ல அந்த விஷயம். மழை, ஜீப்பு போகல, மனுஷன் மயங்கிக் கெடந்தாரு, தூக்கினேன். அதுல சொல்ல என்ன இருக்கு? கதையே இல்ல. அவர் அப்படிக் கெடந்ததுக்குக் காரணம் என் மச்சான் வீட்டுப் பிரியாணியும் மத்த நாலு வீடும். அதை என்ன அலங்காரம் பண்ணி எழுதச் சொல்ற? போர்வைக்குள்ள அவர் மூச்சு என் கழுத்துல பட்டுக்கிட்டே இருந்துச்சு. படாமப் போயிருமோன்னு பயந்துக்கிட்டே நடந்தேன். போதும். இனி கேக்காத.

ரெண்டாவது, கண்மணியம்மா சொன்னது சரி. எனக்கும் இந்த டூருக்கெல்லாம் எங்க நேரம்? அல்லாஹ் புண்ணியத்துல சோலி குமிஞ்சு கெடக்கு. ஊட்டிலேர்ந்து ஒரு பெரிய கம்பெனி தினமும் போன் பண்ணுது, மூணு வண்டிக்கு மேஸ்திரியா வாங்கன்னு. சினிமாக்காரங்க வேற வந்து ஜீப்பைப் பாத்துட்டுப் போனாங்க, ஹீரோ ஓட்டுறதுக்கு இந்த மாதிரி ஜீப்புதான் வேணுமாம், கூடவே என்னையும் ஹீரோவோட சித்தப்பாவா நடிக்கச் சொல்றாங்க. யோசிச்சுச் சொல்றேன்னிருக்கேன். இந்த நெருக்கடியில உன் டூரையும் எப்படி ஓட்டுறதுன்னு நானே தவிச்சுக்கிட்டிருந்தேன். கண்மணியம்மா நல்ல நேரத்துல என்னை விடுவிச்சாங்க. அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லு.

நல்ல டிரைவராப் பாத்துப் போடு. வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ பேங்குக்குப் போற பேச்சு மட்டும் எடுக்காத. கட்டில்ல படுத்துக்கிட்டே இவ்வளவு செஞ்சிருக்க. உன்னைப் பெத்தவ இருந்திருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பா. அவ இல்லாததாலதான் எல்லாத்தையும் நானே சொல்ல வேண்டியிருக்கு.

முழங்கால் பரவாயில்ல. மாமி எண்ணெய் காய்ச்சித் தடவுறா.

மாமா


மதுரை
10 அக்டோபர் 2024

அன்புள்ள மாமா,

ஜாஹிதா மாமி ஷபீருக்குப் போன் பண்ணியிருந்தாங்க. ஜீப் மேல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கீங்களாம். ஊட்டியிலேர்ந்தும் போன் வரலையாம், சினிமாக்காரங்களும் வரலையாம். ஒரு நாள் பூரா கடை வாசல்ல உக்காந்து பஸ்ல ஏறுறவங்களைப் பாத்துக்கிட்டிருக்கீங்களாம். "உன் மாமா பேசாம இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு"ன்னு மாமி சொன்னாங்களாம்.

வீட்டுக்காரங்ககிட்ட நீங்க சொல்லிக்கிறேன்னு எழுதியிருந்தீங்க. சொல்லவும் செஞ்சிருக்கீங்க. அதுக்கு வந்த பதில் உங்களுக்குத் தெரியாது. சண்முகவள்ளி அக்கா ஷபீரைக் கூப்பிட்டு, "அண்ணன் வராத வண்டியில யார் வந்தா எனக்கென்ன, நான் என்ன லாட்ஜா நடத்துறேன்?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாங்க. வேல்ராஜ் அண்ணன் அந்த அளவுக்குக் கூடப் பேசலை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், இடமில்லைன்னுட்டார்.

இதை அப்படியே கண்மணி அக்காவுக்கு எழுதினேன். நான் ஒண்ணும் கெஞ்சலை. உங்களுக்குப் பிடிச்ச வீடுகள் எதுவும் என்னோடது இல்லைக்கா, அதெல்லாம் மாமாவோட வீடுகள், அவரை விட்டுட்டா என்கிட்ட மிச்சம் இருக்கிறது ரோடு மட்டும்தான்னு எழுதினேன்.

அவங்க பதிலுக்கு முன்னால குமரகுரு ஐயாவே பேசினார். டாக்டரம்மாகிட்ட கேட்டு அஞ்சு நிமிஷம் போனை வாங்கிக் கொடுத்தாங்க. நல்லா இருக்கார். உங்களைத்தான் கேட்டார். "எனக்கு நாலு நாளும் வயிறு வலிச்சுது, ஆனா ஒரு நிமிஷம் கூட நான் யாரோ ஊருக்கு வந்திருக்கேன்னு தோணலை"ன்னார். அவரோட பழைய மாணவர் கோகுல்ராஜ் திண்டுக்கல்லயே இருக்காராம். கோட்டை, அரண்மனை, கல்வீடு எல்லா இடத்துலயும் அவர் பேசுவார். வண்டியும் வீடும் நீங்க. கண்மணி அக்கா இதுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆனா எழுத்துல கேட்டிருக்காங்க. அதனால நான் கேக்கிறேன், நீங்க எழுதிக் கொடுங்க: கோட்டைக்குள்ள வாயைத் திறக்க மாட்டேன். வேளைக்கு ஒரு வீடு. வந்தவங்க யாரோ அவங்களை அவங்களாவே சொல்லுவேன். ஜீப்புக்கு சீட் பெல்ட் போடுவேன்.

தார்ப்பாயை எடுங்க மாமா.

மஹ்ஜபின்


பெருமாள்மலை
6 ஜனவரி 2025

அன்பு மகளுக்கும் உன் மகளுக்கும்,

பிள்ளைக்கு நாப்பது நாள் முடிஞ்சதும் எழுதலாம்னு மாமி சொன்னதால இத்தனை நாள் பொறுத்தேன். சுகமா இருக்கீங்களா ரெண்டு பேரும்? அல்ஹம்துலில்லாஹ். போட்டோவைப் பாத்து மூக்கு என்னை மாதிரின்னு மாமி சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல, மாமிதான் சொன்னா. வேணும்னா கேட்டுப்பாரு.

முதல் டூர் நல்லபடியா முடிஞ்சது. நாலு பேரு, எல்லாம் வெளிநாட்டுல இருக்கிற நம்ம தமிழ் ஆளுங்க. கண்மணியம்மா இந்நேரம் உனக்குச் சொல்லியிருப்பாங்க. முழங்காலும் இப்ப மடங்குது, சீட் பெல்ட்டும் போட்டாச்சு. கெஸ்ட்டு அதை மாட்டும்போது சந்தோஷமா ஒரு சத்தம் வருது.

திண்டுக்கல் கோட்டையில கோகுல்ராஜ் பேசினான். நல்ல பையன், நல்லாப் பேசுறான், ஆனா வருஷம் வருஷமாச் சொல்றான். நான் ஒரு கல்லு மேல உக்காந்து வாயை மூடிக்கிட்டிருந்தேன். ரொம்பக் கஷ்டம் தாயி. நோன்பு கூட இவ்வளவு கஷ்டம் இல்ல. நடுவுல ஒருத்தர் என் பக்கம் திரும்பி, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாரு. தம்பி சொல்றதுதாங்க சரின்னேன். என் வாழ்க்கையில இதை நான் யாருக்கும் சொன்னதில்ல.

சண்முகவள்ளி வாசல்லயே வழி மறிச்சு நின்னா. "அண்ணே, இந்தத் தடவை யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, கவர்னரா?"ன்னா. சுற்றுலா வந்தவங்கதான் தங்கச்சி, சும்மா மனுஷங்கதான்னேன். ஒரு நிமிஷம் என்னை உத்துப் பாத்தா. உடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுத்தான் உள்ளே விட்டா. சாப்பாடு ஒரு வேளைதான். ஆனா அந்த ஒரு வேளையில அவ மூணு வேளைக்குப் போட்டா, அதுக்கு நான் பொறுப்பில்ல.

பூண்டிக்கு ஏறுற வழியில ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுறேன். கோட்டைக்குள்ளதான் பேசக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தேன், ஜீப்புக்குள்ள பேசக்கூடாதுன்னு இல்ல. பின்சீட்டுல இருந்த அம்மா, இந்த வீடுகளையெல்லாம் யாரு ஏற்பாடு பண்ணினாங்கன்னு கேட்டாங்க. உன்னைப் பத்திச் சொன்னேன். பேங்கு வேலையை விட்டுட்டு இதை ஆரம்பிச்ச ஒரு பொண்ணு, பிள்ளை வயித்துல, பிரஷர், கட்டில்ல படுத்த வாக்குல, கையில போன் கூட இல்லாம, காய்கறி லாரியில காகிதம் கொடுத்து விட்டே எல்லாத்தையும் நடத்தினா. முடியாதுன்னவங்களை முடியும்னு சொல்ல வச்சா. மாமாவை விட்டுட்டா எனக்கு டூரே வேண்டாம்னு சொன்னா. இப்ப ஒரு பொண்ணு பெத்து நல்லா இருக்கா. இவ்வளவுதான் சொன்னேன். ஒரு வார்த்தை சேக்கல. சேக்கிறதுக்கு அதுல இடமே இல்ல.

முடிச்சதும் ஜீப்புல எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா, "நீங்க ரொம்ப நல்லாக் கதை சொல்றீங்க"ன்னாங்க. கோகுல்ராஜ் கூட என் காதுகிட்ட குனிஞ்சு, "மாமா, லாரியில கடிதம் போனதுங்கிறது கொஞ்சம் ஓவரா இல்லையா?"ன்னான். நெசம்டா தம்பின்னேன். நம்பல.

கியரை மாத்திட்டு ஓட்டினேன். அடுத்த மாசம் டூர் இருக்கு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நீயே முன்சீட்டுல வந்து உக்காரு. அப்பத்தான் நம்புவாங்க.

உன் மாமா
சம்சுல் ஆலம்